குண்டு பட்ட பாறை

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என் நாட்குறிப்பில் பதினொரு வரிகள் இருக்கின்றன. ஓசூரிலிருந்து பேருந்து கிளம்பிய நேரம், சூளகிரியில் டீக்கு நின்ற நேரம், ராயக்கோட்டை மலையில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் முழங்கால் வலி என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்பதெல்லாம் உண்டு. ஒரு பாறையில் இருந்த குழிகளின் விட்டம் மில்லிமீட்டரில் இருக்கிறது. சிவப்பு டேக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுத மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. நான் மறப்பவன் இல்லை.

நான் ஓசூரில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை எங்கள் பிரிவுக்குச் சுற்றுலா உண்டு. வழக்கமாக ஒகேனக்கல் போவோம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அந்த வருடம் நிர்வாகத்துக்கு வேறு யோசனை வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களை ஞாயிற்றுக்கிழமை எங்கே கூட்டிப்போவது என்பது அவர்களுக்கு நெடுநாள் தலைவலி. கிருஷ்ணகிரிப் பக்கம் மைசூர்ப் படையும் ஆங்கிலேயரின் கும்பினிப் படையும் மோதிய இடங்கள் பல இருக்கின்றன. விளக்கிச் சொல்ல நல்ல ஆள் ஒருவர் கிடைத்தால், வாடிக்கையாளர்களுக்கும், மாதந்தோறும் புதிதாகச் சேரும் பயிற்சியாளர்களுக்கும் அவரையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் பிரிவு போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்றார்கள். ஆளைத் தேடுவதும் மதிப்பிடுவதும் என் பொறுப்பு ஆயிற்று.

மதிப்பீட்டுத் தாளை நானே தயாரித்தேன். எட்டுக் கட்டங்கள். நேரம் தவறாமை, குரல், பொறுமை, பாதுகாப்பு என்று போய் ஆறாவது கட்டம் ‘தகவலின் துல்லியம்’. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓ.கே. அல்லது என்.ஜி. என்று எழுத வேண்டும். எங்கள் பிரிவில் இரும்புப் பாகங்களைப் பார்ப்பதும் இப்படித்தான். தேறினால் ஓ.கே., தேறாவிட்டால் என்.ஜி. நடுவில் எதுவும் கிடையாது. ஏழு அளவு சரியாக இருந்து எட்டாவது தவறினாலும் அந்தப் பாகம் முழுவதும் என்.ஜி.தான். அதற்குச் சிவப்பு டேக் கட்டித் தனியாக ஒதுக்கிவிடுவோம்.

போச்சம்பள்ளியில் இருக்கும் நண்பர் ஒருவர் மூலம் வழிகாட்டி கிடைத்தார். ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் சந்தித்தோம். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். தனியார் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடம் வரலாறு நடத்தியவர். கணக்கும் அறிவியலும் போதும் என்று பள்ளி வரலாற்றுப் பிரிவை மூடிவிட்டது. அதன் பிறகு போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையின் வாசலில் காவலாளி. தினம் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டிருக்கும் வேலை. வாரத்தில் விடுப்பு கிடைக்கும் ஒரு நாளில் கல்லூரி மாணவர்களையும் குடும்பங்களையும் கோட்டைகளுக்குக் கூட்டிப்போவார்.

ஒரு கோப்பு கொண்டுவந்திருந்தார். அவரே வரைந்த வரைபடங்கள். ஆறு நீலப் பென்சிலில், ஒவ்வொரு படையும் ஒவ்வொரு நிறத்தில். எத்தனை பேர் வருகிறீர்கள், மூத்தவருக்கு என்ன வயது, யாருக்காவது மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்தது. மதிப்பீட்டுத் தாளைக் காட்டினேன். எட்டுக் கட்டங்களையும் விரலை வைத்து நிதானமாகப் படித்தார்.

“இது கெடச்சா அந்த கேட்டை விட்டுட்டு வந்துருவேன் சார்,” என்றார். “பத்தொம்பது வருஷம் பாடம் நடத்துன வாய் இது. இப்ப நாளெல்லாம் ‘பையத் தெறங்க, பையத் தெறங்க’ன்னுதான் சொல்லிக்கினு கீது.”

பயண நாளன்று ஆறே காலுக்கே வந்து பேருந்தின் அருகில் நின்றிருந்தார். தோய்த்துத் தேய்த்த வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. கால்களில் மட்டும் காவலாளிகள் போடும் கனமான கறுப்பு ஷூ. வேறு செருப்பு மலைக்கு ஆகாது என்று போட்டிருக்கலாம். அந்த ஷூதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

எங்கள் லைன் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். பிரிவில் சிரிப்புக்குக் குறைவில்லாமல் பார்த்துக்கொள்பவர். ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கண்டுபிடித்துவிட்டார். வழிகாட்டி காவல் நிற்கும் ஆலை எங்களுக்குப் பாகம் சப்ளை செய்கிறது. ஒரு முறை இவர் அங்கே போனபோது டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்று இதே மனிதர் நிறுத்திவைத்திருக்கிறார். அவமானமாகப் போயிற்று என்று அப்போது என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது பேருந்துக்குள் எழுந்து நின்று சல்யூட் அடித்தார்.

“அண்ணாச்சி, இன்னிக்கு எங்க டிபன் பாக்ஸ எல்லாம் செக் பண்ண மாட்டீயளா?”

இருபத்தாறு பேரும் சிரித்தார்கள். வழிகாட்டியும் சிரித்தார். இன்று எனக்கு லீவு என்றார். நல்ல பதில்தான். ஆனால் அதற்குப் பிறகு அவரை யாரும் சார் என்று கூப்பிடவில்லை.

முதல் இடம் காவேரிப்பட்டணத்தை ஒட்டி, தென்பெண்ணைக்குச் சற்றுத் தள்ளி. ராகி அறுத்த வெறும் நிலம். ஒரு பக்கம் மாந்தோப்பு, இன்னொரு பக்கம் பம்பு செட். நிலத்துக்காரரிடம் வழிகாட்டி தெலுங்கில் பேசி அனுமதி வாங்கினார். பிறகு எங்களை வரப்பில் வரிசையாக நிற்க வைத்து, வரைபடத்தைப் பிரித்துப் பேச ஆரம்பித்தார்.

அவர் பேசியதை இன்றும் சொல்ல முடியும். எந்தத் திசையிலிருந்து எந்தப் படை வந்தது, ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் பீரங்கி வண்டியை இழுத்துக் கடக்கலாம், மாடுகளுக்குத் தீவனம் இல்லாமல் படை எத்தனை நாள் தாங்கும் என்பதையெல்லாம் சொன்னார். தெரியாத இடங்களில் தெரியாது என்றே சொன்னார். எங்கே சரியாக வரிசை கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது, இந்த நிலமாக இருக்கலாம், அடுத்த நிலமாகவும் இருக்கலாம் என்றார். நிலத்துக்காரரின் தாத்தா உழும்போது ஈயக் குண்டுகள் கிடைத்தனவாம். அவற்றை உருக்கி மீன் வலைக்குக் கட்டிவிட்டார்களாம். அதனால் இங்கே காட்ட ஒன்றும் இல்லை என்றார்.

சாமல்பட்டியிலிருந்து வரும் ஒரு பெண் எங்கள் அளவுக்கருவி அறையில் வேலை செய்கிறாள். அவள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். இந்த ஊர்க்காரர்கள் எந்தப் படைக்குப் பயந்து ஒளிந்தார்கள் என்றாள். “ரெண்டுத்துக்கும்தாம்மா,” என்றார் அவர். “வந்தவனுக்கெல்லாம் சோறு வேணும் இல்ல?”

மற்றவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான்கு பேர் மாந்தோப்புப் பக்கம் ஒதுங்கினார்கள். இரண்டு பேர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர், சண்டை நடந்த இடத்தைக் காட்டச் சொன்னால் வயக்காட்டைக் காட்டுகிறாரே, இதற்கு எங்கள் ஊரில் எங்கள் வயலையே பார்த்திருப்பேனே என்றார். அதைக் கேட்கும்படியாகவே சொன்னார். நாற்பது நிமிடப் பேச்சு இருபத்து மூன்று நிமிடத்தில் முடிந்தது.

பேருந்துக்கு நடக்கும்போது நான் வழிகாட்டியின் பக்கத்தில் போனேன். கூட்டத்துக்கு அலுத்துப்போய்விட்டது என்று சொன்னேன். அடுத்த இடத்தில் கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது காட்டுங்கள், வாடிக்கையாளர்கள் இதைவிட அவசரக்காரர்கள், அவர்களுக்கு வெறும் நிலம் போதாது என்றேன். அவர் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, “பாக்கலாம் சார்,” என்றார்.

இந்த உரையாடலும் நாட்குறிப்பில் இல்லை.

ராயக்கோட்டை மலையில் பாதி வழியில் படிகளுக்கு ஓரமாக ஒரு பெரிய பாறை. உண்ணிச்செடி அடர்ந்து அதில் முக்கால்வாசி மறைந்திருந்தது. வழிகாட்டி அதைத் தாண்டிப் போய்விட்டார். பிறகு நின்றார். திரும்பி வந்தார். ஒரு முறை என்னைப் பார்த்தார். பாறையில் செடி மூடாத ஓரத்தில் இருந்த வட்டக் குழி ஒன்றைக் காட்டி, கீழேயிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு பட்ட இடம் இது, தொட்டுப் பாருங்கள் என்றார்.

கூட்டம் உயிர் பெற்றது. தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். ஆளுக்கு ஆள் குழிக்குள் விரலை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். செல்போன் பார்த்துக்கொண்டிருந்த இருவரும்கூட வந்தார்கள். அவர் அந்தக் குண்டின் எடையைப் பற்றியும் அது எவ்வளவு தூரம் பாயும் என்பதைப் பற்றியும் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை. அன்று அவர் முகம் தெளிந்திருந்தது அந்த மூன்று நிமிடம்தான்.

எனக்கு அந்தக் குழியின் விளிம்பு பிடிக்கவில்லை. மிகவும் வட்டமாக இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய ஸ்டீல் ஸ்கேல் வைத்திருப்பேன். எடுத்து அளந்தேன். முப்பத்து நான்கு மில்லிமீட்டர். குறுக்காகவும் அதே முப்பத்து நான்கு. ஒரு குச்சியால் உண்ணிச்செடியை விலக்கினேன். அதே உயரத்தில் நேர்கோடாக இன்னும் ஆறு குழிகள் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே, நாங்கள் பிட்ச் என்று சொல்லும் இடைவெளி, நூற்றைம்பது மில்லிமீட்டர், இரண்டு கூடக் குறைய. இந்த மாவட்டத்தில் கிரானைட் வெட்டும் இடத்தைப் பார்த்த யாருக்கும் அது என்னவென்று தெரியும். பாறையைப் பிளக்கத் துளை போட்டிருக்கிறார்கள். பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. இருபது பேருக்கு முன்னால் குச்சியால் செடியைப் பிடித்துக்கொண்டு, “இது குண்டு பட்டதில்லைங்க. குவாரிக்காரங்க போட்ட டிரில்லு. ஏழு இருக்கு, பாருங்க,” என்றேன்.

நீங்கள்தானே கேட்டீர்கள் என்று அவர் அங்கேயே சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. குழிகளைப் பார்த்தபடி நின்றார்.

சூப்பர்வைசர் முன்னால் வந்தார். “அந்தக் காலத்துலயே பிட்ச் மாறாம சுட்டிருக்கான் பாத்தியளாவே. நம்ம மெஷின்ல இது வர மாட்டேங்கு,” என்றார்.

மலையே அதிரும்படி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்ல வேடிக்கை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதனால் நான் சிரித்தது நியாயமாகிவிடாது.

உச்சியில் அவர் காட்டியவை எல்லாம் உண்மை. மழைநீர் தேக்கும் சுனை, வெடிமருந்துக் கிடங்கின் சுவர், மதிலை இரண்டு காலங்களில் கட்டியதற்கான அடையாளம். கல் மாறும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஆனால் அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், ஸ்கேலை எடுங்கள் சார் என்றார். சுனையைக் காட்டியபோது இதுவும் டிரில்லா அண்ணாச்சி என்று கேட்டார்கள். ஐந்தாவது முறைக்குப் பிறகு அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். பார்த்துவிட்டு வாருங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்று மதில் நிழலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இறங்கும்போது வழிகாட்டியின் பையில் ஒரு சிவப்பு டேக் தொங்கியது. சூப்பர்வைசர்களின் சட்டைப் பையில் சிவப்பு டேக் எப்போதும் நாலைந்து இருக்கும், விடுமுறை நாளிலும். எங்கள் சூப்பர்வைசர் அதில் ஒன்றைத் துணிப்பையின் பின்பக்க வாரில் சணல் கயிற்றால் முடிந்திருந்தார். நான் வழிகாட்டிக்குப் பின்னால் நான்கு படி மேலே இறங்கிக்கொண்டிருந்தேன். படிக்க முடிந்தது. பாகம்: கைடு. குறை: பொய். முடிவு: ஸ்கிராப். சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகள். தேதியும் சரியாக இருந்தது. எந்த இடமும் காலியாக இல்லை என்று பார்த்துக்கொண்டேன். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அடிவாரத்தில் புளிசாதப் பொட்டலம் பிரிப்பதற்கு முன்னால் குழாயடியில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். கையை வெகுநேரம் கழுவினார். டேக் முதுகுப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

“அது டிரில்லுன்னு எனக்குத் தெரியும் சார். நீங்கதான தொட்டுப் பாக்கற மாதிரி கேட்டீங்க.”

“பொய் சொல்லச் சொல்லலையே,” என்றேன்.

தலையை ஆட்டினார். “சொல்லல. அந்த ஒண்ணை விட்டுட்டு மத்ததெல்லாம் பாத்து எழுதுங்க சார்.”

விதிப்படி எழுதுகிறேன் என்றேன். அவர் அதை நம்பிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம். எட்டில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

கிருஷ்ணகிரிக்குப் பேருந்து பிடிப்பதற்காக ராயக்கோட்டையிலேயே இறங்கிக்கொள்வதாகச் சொன்னார். கடைத்தெரு வரும்வரை முன் இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேக் அவர் முழங்காலுக்கு வெளியே, நடைவழிப் பக்கம் தொங்கியது. கொஞ்சம் குனிந்தால் தெரிந்திருக்கும். பின்னாலிருந்து எல்லாரும் அதையே பார்த்தார்கள். அளவுக்கருவி அறைப் பெண் எழுந்து என் இருக்கைக்கு வந்தாள்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவுத்துருவாங்க சார்.”

“எறங்குனதும் அவரே பாத்துக்குவாரு,” என்றேன்.

அவள் முன்னால் போகத் திரும்பினாள். அதற்குள் பேருந்து நின்றுவிட்டது. இறங்கும்போது அவர் முன் வரிசையில் இருந்த எல்லாருக்கும் கை கொடுத்தார். சூப்பர்வைசருக்கும் கொடுத்தார். கீழே நின்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே அவர் நடந்து போனபோது, பையின் பின்னால் அந்தச் சிவப்பு அட்டை காற்றில் திரும்பித் திரும்பி அடித்தது. பேருந்து கிளம்பும்வரை அடக்கி வைத்திருந்தவர்கள் அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அவள் ஓசூர் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போது, “எங்க போய்ப் பாத்தாரோ,” என்று மட்டும் சொன்னாள். என்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. வீட்டில் போய்ப் பார்த்திருந்தால், முதலில் பார்த்தது அவராக இல்லாமலும் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை தாளை நிரப்பினேன். நேரம் தவறாமை ஓ.கே. பொறுமை ஓ.கே. ஆறாவது கட்டத்தில் ஓ.கே. என்று எழுதினேன். ராகி நிலத்தில் அவர் பேசியதை நினைத்து எழுதினேன். பிறகு அதைக் கோடிட்டு அடித்து என்.ஜி. என்று எழுதினேன். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் விதி. போட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘சரிபார்க்காத தகவலை உண்மை என்று கூறினார்’ என்று எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. ஒன்பது இருபதுக்கு அனுப்பினேன். அவருடைய பெயர் பட்டியலில் ஏறவில்லை.

பெங்களூரில் இருக்கும் ஒரு சுற்றுலா ஏஜென்சியை நிர்வாகம் பிடித்தது. காதில் மைக் மாட்டிக்கொண்டு ஒரு இளைஞர் வருவார். கன்னடமும் ஆங்கிலமும் நன்றாகப் பேசுவார். இதுவரை வாடிக்கையாளர்களுடன் நான்கு முறை போயிருக்கிறேன். ராகி நிலத்துக்கு அவர் போவதில்லை. அங்கே கழிப்பறை இல்லை என்பார். ராயக்கோட்டையில் அந்தப் பாறைக்கு முன்னால் நிறுத்துவார். செடியையெல்லாம் ஆள் வைத்து வெட்டிவிட்டார்கள். ஏழு குழிகளும் தெரிகின்றன. ஒரே நேரத்தில் ஏழு பீரங்கிகள் சுட்டதாகச் சொல்கிறார். வந்தவர்கள் வரிசையில் நின்று விரலை விடுகிறார்கள். முதல் முறை என்னையும் நிற்கச் சொன்னார்கள். மூன்றாவது குழியில் விரலை விட்டபடி நான் நிற்கும் படம் வரவேற்பு அறைச் சுவரில் இருக்கிறது. ஸ்டீல் ஸ்கேல் அன்றும் சட்டைப் பையில்தான் இருந்தது. நான்கு தாள்களிலும் எட்டுக் கட்டங்களும் ஓ.கே. வாடிக்கையாளர்களுக்குத் திருப்தி.

போன மாதம் தணிக்கைக்காகப் போச்சம்பள்ளி ஆலைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அவர் இருப்பார் என்று தெரியும். வேறு ஆளை அனுப்பவும் எனக்கு அதிகாரம் உண்டு. நானே போனேன். ஏன் என்று எழுத முயன்று இரண்டு முறை அடித்துவிட்டேன்.

நீலச் சீருடையில் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார். அதை மறைக்கவும் இல்லை.

“பையத் தெறங்க சார்.”

திறந்தேன். மடிக்கணினியின் எண்ணைப் பார்த்து எழுதினார். டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். மூடச் சொன்னார். என் சட்டைப் பையைப் பார்த்துக் கையை நீட்டினார். ஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். அளவுக் கருவி எதுவானாலும் பதிய வேண்டும் என்று சொல்லி, ‘ஸ்டீல் ஸ்கேல், ஒன்று’ என்று எழுதினார். பாடம் நடத்தியவரின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

“இப்ப யாரு சார் கூட்டிக்கினு போறாங்க?”

பெங்களூர் ஏஜென்சி என்றேன்.

“அந்தப் பாறையக் காட்டுறாங்களா?”

“காட்டுறாங்க.”

“எத்தினி குழி?”

“ஏழும்.”

அவர் சிரிக்கவில்லை. ஸ்கேலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். பெயர், நிறுவனம், வந்த நேரம். பத்து நாற்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நான் எழுதிய நேரத்தைக் கோடிட்டு அடித்து, மேலே பத்து நாற்பத்து நான்கு என்று எழுதினார். மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

“திருத்தம் போட்டிருக்கேன் சார். பக்கத்துல ஒரு கையெழுத்து போடுங்க.”

போட்டேன். அதைச் சரிபார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம், “பையத் தெறங்க,” என்றார்.